மிதி

மேசையை உயர்த்துகிறேன்.
டிடெக்டரை வயிறு தொடுமளவு இறக்குகிறேன்.
“ரொம்பக் கிட்ட வருதே” என்கிறாள் செங்கமலம்.
கிட்ட வந்தால்தான் கொஞ்சம் போதும், அக்கா.
தள்ளி நின்றால் கத்த வேண்டியிருக்கும்.
கதிரும் அப்படித்தான்.

நீடாமங்கலம் பக்கம்
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள்.
ஈரப்பதம் பதினேழு தாண்டினால்
மூட்டை திரும்பிப் போகும் என்று
சொல்லிச் சொல்லியே குரல் தடித்தவள்.
மூன்று வருடமாய்
பில் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டு
தன் ரத்தத்தையும் எண்ணி வந்திருக்கிறாள்:
நாளுக்குப் பத்து, சில நாள் பன்னிரண்டு.
சாக்கை நாலாய் மடித்து உட்காருவாளாம்
எழும்போது சட்டென்று திருப்பிப் போட.

கட்டிகள் மூன்று. பெரியது சாத்துக்குடி அளவு.
கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்ன இடங்கள் இரண்டு.
“அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்றிருக்கிறாள்.

டாக்டர் நஸீமா இடது மணிக்கட்டில் நுழைகிறார்.
அவர் காலடியில் மிதி.
மிதித்தால் கதிர்.
காலை எடுத்தால் இருட்டிவிடாது,
கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கும்.
நின்ற படத்தைப் பார்த்தும் யோசிக்கலாம்.
இதைக் கற்க எங்களுக்கு நான்கு வருடம் ஆனது.

நொடிக்குப் பதினைந்து துடிப்பு வைத்திருந்தோம் அப்போது.
வழுவழுவென்று ஓடும் படம்.
இப்போது நான்கு.
கம்பி தத்தித் தத்திப் போகிறது,
மன்னார்குடி ரயில் ஜன்னலில்
தென்னைகளுக்கு நடுவே
விட்டு விட்டுத் தெரியும் ஆறு போல.
ஆறு எந்தப் பக்கம் போகிறதென்று
அதிலேயே தெரிந்துவிடுகிறது.

நான்கு பக்கமும் ஷட்டரை நெருக்குகிறேன்.
இடுப்பெலும்பு வேண்டாம்.
முடிந்தவரை சினைப்பையும் வேண்டாம்.
உள்ளங்கை அகலம் போதும்.

இடப்பக்கம் சீக்கிரம் கிடைத்தது.
வலப்பக்கக் குழாய் கொக்கியாய் வளைந்திருக்கிறது,
வழுக்கி வழுக்கி வெளியே வருகிறது கதீட்டர்.
“பெரிசாக்கு” என்று வாயெடுத்த நஸீமா
தானே நிறுத்திக்கொள்கிறார்.
பெரிதாக்கினால் விலை உண்டு.
கட்டுவது செங்கமலத்தின் தோல்.

என் முதல் வருடம்.
இரண்டு மணி நேரம், ஒரே கோணம்.
மூன்று வாரம் கழித்து
முதுகில் சதுரமாய்ச் சிவந்து வந்து நின்றார்
பூண்டி இன்னாசியம்மாள்.
சூடு என்று சந்தனம் பூசியிருந்தார்.
அந்தச் சதுரத்தின் ஓரங்கள் எனக்குத் தெரியும்.
நான் வைத்த ஓரங்கள்.
பதிவேட்டில் அளவுக்கென்று ஒரு கட்டம் இருந்தது.
காலி.
எங்கள் சட்டையில் மட்டும் பேட்ஜ் இருந்தது;
மூன்று மாதத்துக்கொருமுறை அனுப்பி
எங்களுக்கு எவ்வளவு என்று
கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

கம்பி பிடித்துவிட்டது.
கடுகிலும் சின்ன மணிகள் உள்ளே போகின்றன.
மடையில் மண் போடுவது போல என்பான்
புதிதாய்ச் சேர்ந்த பையன்.
மடையில் மண் போட்டால்
அடுத்த வயல்காரன் மண்வெட்டியோடு வருவான் தம்பி,
இங்கே ஒருவரும் வருவதில்லை.
அதனால்தான் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

“ஃபைலுக்குக் கடைசியாய் ஒரு ரன்?”
கேட்டது என் பழைய பழக்கம்.
நஸீமா திரையைக் காட்டுகிறார்.
மருந்து நகராமல் நிற்கிறது.
“இதையே வை.”
மிதியிலிருந்து கால் விலகி
செருப்பைத் தேடுகிறது.

“எவ்வளோ ஆச்சு?”
பணமா அக்கா?
“இல்ல, அந்த மிஷின்ல ஓடிக்கிட்டே இருந்துச்சே, நம்பரு.”
ஒன்பது வருடத்தில்
இந்த மேசையிலிருந்து வந்த முதல் கேள்வி.
நானூற்று ஆறு மில்லிகிரே, பதினோரு நிமிடம்.
“எது வரைக்கும் மூட்டை எடுப்பீங்க?”
இரண்டாயிரம் தாண்டினால்
வரவழைத்து முதுகைப் பார்ப்போம்.

வலக்கையால் பேனா வாங்கி
இடது உள்ளங்கையில், கட்டுக்குக் கீழே,
406 என்று எழுதினாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
“மீட்டரு சரியா இருக்குமா?”

போன மாதம்தான் சோதித்தோம், அக்கா.

“அதைத்தான் நானும் சொல்லுவேன்” என்றாள்.